மாலையில் ஒரு மணி நேரம்!
ஊருக்கு எழுத்தறிவு தரும் இளைஞர் தொண்டு: நிலைக்க வழி என்ன?

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. பாலத்தைத் தாண்டினால் திட்டக்குடி. அது கடலூர் மாவட்டம்.

லப்பைக்குடிக்காடு ஒரு பேரூராட்சி. முஸ்லிம்கள் நிறைந்த ஊர். பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்கள் பல குடும்பங்களில் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள சீமையில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன.

இந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஒரு பெண். அவர் மாலையில் ஒரு மணி நேரத்தைப் பிறருக்காக ஒதுக்குகிறார். தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். படிக்காத தாய்மார்களுக்கு எழுத்துக் கற்றுத் தருகிறார்.

"ஒரு ஆளால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று சிலர் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்கு வங்காளத்தில் ஒரு சிறுவன் பதில் சொன்னான். கியூபா நாட்டு மாணவர்கள் பதில் சொன்னார்கள். புதுக்கோட்டைப் பெண்கள் பதில் சொன்னார்கள். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுத் தெருக்களிலும் பதில் கிடைத்தது.

அந்தப் பதிலில் நல்ல சேதி இருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

நூற்றுக்கு 74

முதலில் நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம்.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 74 பேர்.

பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் குறைவு. மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண்ணுக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது.

யாரை எழுத்தறிவு உள்ளவர் என்று சொல்கிறார்கள்? 7 வயது நிறைந்தவர், ஏதாவது ஒரு மொழியில் எழுதவும், படித்துப் பொருள் புரிந்துகொள்ளவும் வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது.

இந்தக் காலத்தில் படிக்கத் தெரியாதவருக்கு வரும் தொல்லைகள் கொஞ்சம் அல்ல. பஸ்சின் பெயர்ப் பலகையைப் பிறரைக் கேட்கவேண்டும். மாத்திரை அட்டையைப் பிறரிடம் காட்டவேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் கணவர் பாங்கியில் பணம் போடுகிறார். பாங்கியிலிருந்து செல்போனுக்கு ரகசிய எண் வருகிறது. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் அதோடு வருகிறது. படிக்கத் தெரியாத பெண் அந்த எச்சரிக்கையையே யாரிடமாவது காட்டித்தானே தெரிந்துகொள்ள வேண்டும்? மோசக்காரனுக்கு அது போதும்!

ஆகவே, எழுத்து என்பது பெருமைக்கு உரிய அலங்காரம் அல்ல. அது வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்.

9 வயது வாத்தியார்

மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர் பாபர் அலி. அவருடைய தகப்பனார் சணல் வியாபாரி.

பாபர் அலி தினமும் வெகுதூரம் போய் ஓர் அரசாங்கப் பள்ளியில் படித்தார். சம்பளம் கிடையாது. ஆனால் சட்டை, புத்தகம், ரிக்‌ஷா கூலி என்று ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 ரூபாய் செலவு ஆயிற்று. அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு அது எட்டாத தொகை. அவர்களுடைய பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள்.

2002-ம் ஆண்டில் பாபர் அலிக்கு 9 வயது. பள்ளியில் அன்றன்று படித்த பாடத்தை மாலையில் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னார். முதலில் வந்தவர்கள் 8 பேர். அவர்களில் ஒருத்தி அவருடைய தங்கை. விளையாட்டாகத் தொடங்கியது இந்தப் பள்ளி.

விளையாட்டு நிற்கவில்லை. மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாளும் நடந்தது. மீன் விற்கும் ஓர் அம்மாள், தெருத் தெருவாக மீன் விற்கப் போகும்போதே, "பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள்" என்று பெற்றோர்களிடம் சொல்லிவந்தார். அந்த அம்மாளுக்கே படிக்கத் தெரியாது!

2009-ம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் பாபர் அலியை உலகுக்கு அறிமுகம் செய்தது. "உலகத்திலேயே இளைய தலைமை ஆசிரியர்" என்று அவரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 16. பள்ளியில் 800 பிள்ளைகள் இலவசமாகப் படித்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களும் மாணவர்களே.

8 பேர் 800 பேர் ஆனது எப்படி? பாபர் அலியிடம் பணம் இல்லை. கட்டிடம் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் மாலையில் தவறாமல் மணி அடித்தது. அதுதான் காரணம்.

அரிக்கேன் விளக்கோடு போன மாணவர்கள்

ஒரு சிறுவன் ஒரு கிராமத்தில் செய்ததை, ஒரு நாடே சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும்?

1961-ம் ஆண்டில் கியூபா அதைச் செய்து பார்த்தது. அமெரிக்காவுக்குத் தெற்கே உள்ள தீவு நாடு அது. அங்கே ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தது.

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். சுமார் 1 லட்சம் மாணவ மாணவிகள் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். பலருக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான். கையில் பாடப் புத்தகம். இன்னொரு கையில் விளக்கு. குடியானவர் வீட்டில் தங்கினார்கள். பகலில் அவர்களோடு வயலில் வேலை செய்தார்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள்.

ஆபத்தும் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரி மாதத்திலேயே கான்ராடோ பெனிதெஸ் என்ற 18 வயதுத் தொண்டர் கொல்லப்பட்டார். மற்ற இளைஞர்கள் பின்வாங்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இயக்கம் முடிந்தது. 7 லட்சம் பேர் எழுத்துக் கற்றிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு என்று கியூபா அறிவித்தது.

அதோடு அவர்கள் கடையைக் கட்டவில்லை. எழுத்துக் கற்றவர்களுக்கு மேல்வகுப்புகளை நடத்தினார்கள். ஆறாம் வகுப்பு அளவுக்கு அவர்களைக் கொண்டுவரப் பாடுபட்டார்கள். இதை மறக்காமல் நினைவில் வையுங்கள்.

புதுக்கோட்டையில் ஓடிய சைக்கிள்

நம் தமிழ்நாட்டிலும் அப்படி ஓர் அலை எழுந்தது. அதன் பெயர் அறிவொளி இயக்கம்.

1988-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மாவட்டம் மாவட்டமாக அறிவொளி பரவியது. பாட்டும், வீதி நாடகமும், ஊர்வலமும் நடந்தன. ஒரு தொண்டருக்குச் சுமார் 10 பேர். பாடம் மொத்தம் 200 மணி நேரம். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு கூடப் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். விவசாயக் கூலிப் பெண்களும், கல் உடைக்கும் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள்! 1 லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார்.

பஸ்சுக்குக் காத்திருந்த பெண்கள் தாமாகவே சந்தைக்குப் போனார்கள். தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார்கள். சொல்லிக் கொடுத்த இளைஞர்களுக்கும் ஊரில் மதிப்பு உயர்ந்தது.

அலை ஓய்ந்தால்?

ஆனால் எல்லா அலையும் ஒரு நாள் ஓயும்.

ஊர்வலம் முடிந்தது. மேடை பிரிக்கப்பட்டது. பல மாவட்டங்களில் தொண்டர்கள் வேலைக்குப் போனார்கள், கல்யாணமாகிப் போனார்கள். வகுப்பு நடந்த திண்ணை காலியாயிற்று. புதிதாக எழுத்துக் கற்ற பலர், சில ஆண்டுகளில் மறுபடியும் கைநாட்டுக்குத் திரும்பினார்கள்.

ஏன் அப்படி?

சைக்கிளை ஒரு முறை கற்றவர் பத்து ஆண்டு கழித்தும் ஓட்டுவார். எழுத்து அப்படி அல்ல. வளர்ந்த பிறகு கற்ற எழுத்து, தினமும் புழங்காவிட்டால் மங்கிப் போகும். படிக்க ஒரு பத்திரிகை இல்லை, எழுத ஒரு காரியம் இல்லை என்றால், 200 மணி நேரப் படிப்பும் வீண்.

கியூபாவில் மேல்வகுப்பு நடத்தினார்கள் என்று சொன்னோம் அல்லவா? அதன் அவசியம் இதுதான். தொடங்கி வைப்பது பாதி வேலை. தொடர்ந்து நடத்துவது மீதிப் பாதி.

வீடு தேடி வந்த வகுப்பு

அடுத்த சோதனை நோய் உருவில் வந்தது.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் மறுபடி திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள்! ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்குப் போன குழந்தை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. செல்போன் உள்ள வீட்டுப் பிள்ளை கொஞ்சம் படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை படித்ததையும் மறந்தது.

2021 அக்டோபர் 27-ந் தேதி, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதலில் 12 மாவட்டங்கள். பிறகு மற்ற மாவட்டங்கள்.

ஏற்பாடு எளிமையானது. ஒரு தொண்டருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் வகுப்பு. பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது. சிறு வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும் என்று இருந்தது. பெரிய வகுப்புகளுக்குப் பட்டம் தேவைப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள்.

சுமார் 2 லட்சம் தொண்டர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்களுக்கு, "டீச்சர்" என்று தெருவில் ஒரு பெயர் வந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

இதனால் பலன் உண்டா? அபிஜித் சிங், மவுரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள்.

2021 டிசம்பரில், கொரோனாவுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் நஷ்டம் அதிகம்.

பள்ளி திறந்து ஆறு மாதம் ஆன பிறகு மறுபடி பார்த்தார்கள். இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது! அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இந்த நான்கில் ஒரு பங்கை எப்படி எடுத்துக்கொள்வது?

ஒரு பக்கம் பார்த்தால் அது பெரிய காரியம். வாத்தியார் பயிற்சி பெறாத அக்காமார்களும் அண்ணன்மார்களும் தெருத் திண்ணையில் உட்கார்ந்து சாதித்தது அது.

இன்னொரு பக்கமும் உண்டு. மீதி முக்கால் பங்குக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் மற்றவையும் காரணம். அதனால், பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் தொண்டர் இருக்க முடியாது. பள்ளி ஆசிரியர் இலை போட்டுச் சோறு பரிமாறுகிறார். தொண்டர் ஊட்டிவிடுகிறார். ஊட்டிவிட ஆள் இருக்கிறது என்று சோற்றைக் குறைத்தால் பிள்ளை பட்டினிதான் கிடக்கும்.

1,000 ரூபாய் சம்பளமா?

இங்கே நியாயமான ஒரு கவலையும் இருக்கிறது. தொண்டு என்ற பெயரில் குறைந்த பணத்துக்கு ஆள் பிடிக்கும் பழக்கம் வந்துவிடக்கூடாது. ஆசிரியர் வேலை காலியாக இருந்தால் ஆசிரியரைத்தான் நியமிக்கவேண்டும்.

மாதம் 1,000 ரூபாய் என்றால் நாளைக்குச் சுமார் 33 ரூபாய். அது கூலி ஆகாது. சாக்பீசுக்கும் பஸ் செலவுக்கும் உதவும். ஆகவே தொண்டு செய்யும் இளைஞருக்கு வேறு வகையில் ஊர் கைம்மாறு செய்யவேண்டும். அவர் மேலே படிக்க உதவவேண்டும். பெண்ணாக இருந்தால், "தினமும் வெளியே போகிறாளே" என்று பேசுகிற வாயை ஊர்ப் பெரியவர்கள் அடக்கவேண்டும். அந்தப் பேச்சும் வகுப்பை மூடிவிடலாம்.

கல்லூரி மாணவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. 1969 செப்டம்பர் 24-ந் தேதி, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. அதில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்யவேண்டும்.

240 மணி நேரம் என்றால் மலைக்கவேண்டாம். நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் 240 மாலைகள். ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும்! அறிவொளிப் பாடத்துக்குத் தேவைப்பட்ட 200 மணி நேரமும் அதற்குள் அடங்கிவிடும்.

லப்பைக்குடிக்காட்டில் எப்படி?

இத்தனை அனுபவத்தையும் வைத்து, லப்பைக்குடிக்காடு போன்ற ஊரில் ஓர் இளைஞர் எப்படித் தொடங்கலாம்?

முதல் வேலை, கணக்கு எடுப்பது. ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளியிலிருந்து நின்றது? எந்த அம்மாளுக்குப் படிக்க ஆசை? ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இரண்டாவது, இடம். எல்லோரும் பார்க்கக்கூடிய வெளிச்சமான திண்ணை அல்லது பள்ளித் தாழ்வாரம் நல்லது. பெற்றோருக்குத் தெரிந்த இடமாக இருக்கவேண்டும். அதுதான் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. சொல்லிக் கொடுக்கிறவருக்கும் பாதுகாப்பு. தொழுகை நேரம், சமையல் நேரம், மாடு கறக்கும் நேரம் எல்லாம் பார்த்து மணியைக் குறிக்கவேண்டும். நோன்பு மாதத்தில் மணியை மாற்றலாம்; வகுப்பை நிறுத்தக்கூடாது.

மூன்றாவது, பாடம். பெரியவர்களுக்கு "அம்மா, ஆடு" என்று தொடங்கினால் அலுப்புத் தட்டும். அவர்களுடைய பெயர், பிள்ளைகளின் பெயர், ஊரின் பெயர், ரேஷன் கார்டு, பாங்கிப் புத்தகம், போனில் வரும் சேதி ஆகியவற்றையே பாடமாக வைக்கலாம். அன்று கற்றது அன்றே பயன்பட்டால் மறக்காது.

நான்காவது, பள்ளியோடு சேர்ந்து நடப்பது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அரசாங்கப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நின்றுபோன பிள்ளையின் பெயரை அந்தக் குழுவிடம் கொடுத்தால், பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பது எளிது.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். தனக்குப் பிறகு ஓர் ஆளைத் தயார் செய்யவேண்டும். லப்பைக்குடிக்காட்டு வாலிபருக்கு நாளை விசா வரலாம். பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கலாம். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நோட்டுப் புத்தகத்தையும் சாக்பீசையும் வாங்கிக்கொள்ள இன்னொரு கை நீண்டிருக்க வேண்டும். இரண்டு பேராகத் தொடங்கிய வகுப்பு ஒருவர் போனாலும் நிற்காது.

பெரியவர்களுக்கும் வேலை உண்டு

இளைஞர் மட்டும் பாடுபட்டால் போதாது. விளக்குக்கு மின்சாரம் தர ஒரு வீடு வேண்டும். வாரம் ஒரு பத்திரிகை வாங்கித் தர ஒரு கடைக்காரர் வேண்டும். நூலகத்திலிருந்து எளிய புத்தகங்களை எடுத்துத் தர ஒருவர் வேண்டும். கடல் கடந்து சம்பாதிக்கும் மகன், வீட்டுக்குப் பேசும்போது, "இன்றைக்கு என்ன எழுதினாய், அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்தத் தாய் மறுநாள் வகுப்புக்குத் தவறமாட்டாள்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ந் தேதி உலக எழுத்தறிவு நாள். யுனெஸ்கோ அமைப்பு 1966-ல் குறித்த நாள் அது. அன்றைக்கு உறுதிமொழி எடுப்பார்கள், படம் பிடிப்பார்கள். நல்லதுதான்.

செப்டம்பர் 9-ந் தேதி மாலையில் வகுப்பு நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் அந்த ஊர் பிழைத்தது!